நொடியில் முடியும், லாக் கிடைத்தால்

"போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 11-ம் பதிப்புக்கு அப்புறம் டேபிளில் டீஃபால்ட் மதிப்போடு நெடுவரிசை சேர்ப்பது நொடி வேலை, பட்டப்பகலில், ஆட்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் புரொடக்‌ஷனிலேயே ஓட்டலாம்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முதல் பாதி கிட்டத்தட்ட சரி. இரண்டாவதை நம்பிக் கை வைத்துவிடாதீர்கள்.

2018-ல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து, டீஃபால்ட் மாறாத மதிப்பாக இருந்தால் டேபிளைத் திருப்பி எழுதுவதில்லை. ரேண்டம் மாதிரி ரோவுக்கு ரோ மாறும் ஃபங்ஷனைக் கொடுத்தால் இன்றும் பழைய கதைதான், முழு டேபிளையும் திருப்பி எழுதும்.

பெரிய வில்லங்கம் லாக், அதாவது டேபிளுக்குப் போடும் பூட்டு. நெடுவரிசை சேர்க்கும் இந்த ஆல்டர் கட்டளைக்கு, வேறு யாரும் டேபிளைப் படிக்கக்கூட முடியாதபடி பூட்டும் ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் லாக் வேண்டும். வேலை சில மில்லிசெகண்ட்தான், ஆனால் லாக் கிடைக்கும்வரை? எங்கள் இடத்தில் ஒருவர் ரிப்போர்ட் குவெரியை ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதே டேபிளைப் படித்துக்கொண்டிருந்த அந்தக் குவெரி முடியட்டும் என்று ஆல்டர் அதன் பின்னால் போய் நின்றது. அடுத்து வந்த சாதாரண செலக்ட்கள், அதாவது டேபிளை வெறுமனே படிக்கும் குவெரிகள்கூட ஆல்டரைத் தாண்ட முடியாமல் வரிசை கட்டின. கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு) நிரம்பி, தளமே படுத்துவிட்டது. இத்தனைக்கும் ஆல்டர் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை!

அதனால் ஆல்டருக்கு முன் லாக் டைம்அவுட்டை இரண்டு செகண்ட் என்று வையுங்கள். லாக் கிடைக்காவிட்டால் அதுவே எர்ரர் கொடுத்து விலகிவிடும், சற்றுக் கழித்து மறுபடி ஓட்டலாம்.

இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) உருவாக்குவதென்றால், டேபிளில் எழுதுவது தடைபடாமல் இருக்கக் கட்டளையில் கன்கரன்ட்லி சேர்த்துப் போடுங்கள். அது டிரான்சாக்‌ஷனுக்குள் (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்புக்குள்) ஓடாது. ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க்கில் வேலை செய்பவர்கள், டேட்டாபேஸ் மாற்றத்தை எழுதும் அந்த மைக்ரேஷன் ஃபைலில் மட்டும், அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாமல் இருக்க, அட்டாமிக்கை ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.