நிலக்கடலை விதைக்கு மருந்தும் ரைசோபியமும் ஒரே வாளியிலா?

"பூஞ்சாணக்கொல்லியையும் ரைசோபியத்தையும் ஒன்றாகக் கலந்து நிலக்கடலை விதைக்குப் பூசினால் போதும், யூரியா, ஜிப்சம் எதுவும் வேண்டாம்" என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு.

ரைசோபியம், வேர்முடிச்சில் வாழ்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குத் தரும் உயிருள்ள பாக்டீரியா. பூஞ்சாணக்கொல்லி மருந்தோடு ஒன்றாகக் கலந்தால் அதில் பல செத்துவிடக்கூடும். மருந்தை முதலில் பூசுங்கள். 24 மணி நேரம் கழித்து, ஒரு ஹெக்டேருக்கான விதைக்கு 600 கிராம் ரைசோபியத்தை நன்றாக ஆறிய கஞ்சியில் குழைத்துப் பூசுங்கள். சூடான கஞ்சியும் அதைக் கொன்றுவிடும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. தோல் உரிந்தால் முளைப்பு கெடும். நிழலில் அரை மணி உலர்த்தி அன்றே விதைக்கவும்.

யூரியா விஷயத்தில் பாதி உண்மை உண்டு: தழைச்சத்து மிஞ்சினால் வேர்முடிச்சு குறையும். ஆனால் காய்க்குத் தேவையான கால்சியத்தை ரைசோபியம் தராது, ஜிப்சம்தான் தரும். 40–45ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்காவிட்டால் பருப்பு நிரம்பாத பொக்குக் காய் மிகும்.