கனவில் விழித்திருக்க ஆசைப்படுவோர் முதலில் நன்றாகத் தூங்குங்கள்

பெங்களூருவில் ஐ.டி. துறையில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலரை அண்மைக்காலமாக லூசிட் ட்ரீம் மோகம் பிடித்திருக்கிறது. கனவு காணும்போதே அது கனவு என்று உணர்ந்து, அந்த உணர்வு கலையாமல் கனவுக்குள் நடமாடப் பழக வேண்டுமாம். அதற்காக அதிகாலை நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் நள்ளிரவு தாண்டியும் அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசிவிட்டு, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்குப் பயந்து விடிந்தும் விடியாமலும் வண்டி ஏறுகிறவர்கள் இதில் இறங்குவது வீண்வேலை என்பேன்.

தெளிவான, நீண்ட கனவுகள் பெரும்பாலும் ரெம் எனப்படும் உறக்கக் கட்டத்தில்தான் வருகின்றன. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பும் அக்கட்டம் முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். ஐந்து மணி நேரத்தில் எழுந்துவிடுகிறவர் பறிகொடுப்பது, தாம் தேடுகிற கனவுகள் விளையும் அந்தப் பின்பகுதியைத்தான்.

கனவைக் கனவென்று உணர்வது கட்டுக்கதை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்னின் சோதனைக்கு உட்பட்ட ஆலன் வொர்ஸ்லி, உறங்கிக்கொண்டே, கனவென்று உணர்ந்ததும் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துச் சைகை கொடுத்தார். ரெம் உறக்கத்தில் கைகால் தசைகள் தளர்ந்து கிடந்தாலும் கண்கள் அசையும் என்பதே அதிலுள்ள சூட்சுமம். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக இதை நிறுவினார். 2021இல் வெளியான ஓர் ஆய்விலோ, கனவிலிருந்தவர்கள் எளிய கணக்குகளுக்குக்கூடச் சைகையால் விடை சொல்லியிருக்கிறார்கள்.

லபெர்ஜ் வகுத்த பயிற்சி எளிமையானது. கனவிலிருந்து விழித்ததும் அதை முழுவதுமாக நினைவுகூர்ந்து, அடுத்த முறை கனவு காணும்போது கனவென்று அறிவேன் என்ற எண்ணத்தோடு மீண்டும் உறங்க வேண்டும். தானாக விழிப்பு வரும் விடுமுறைக் காலைகளே இதற்குப் போதும். பகலில் எழுத்துகளை இருமுறை பார்க்கும் பழக்கமும் உதவும். கனவில் எழுத்து நிலைத்து நிற்பது அரிது. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் நிற்பதாக எனக்கொரு கனவு வந்தது. எதிரே நின்ற பேருந்தின் பலகையில் 335இ என்றிருந்தது. திரும்பிப் பார்த்தபோது எண்ணே இல்லை, கன்னடமும் தமிழும் கலந்தாற்போல் ஏதோ வளைவுகள் மட்டும் இருந்தன. கனவென்று தெரிந்த பரபரப்பிலேயே காட்சி மங்கத் தொடங்கியது. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, அந்தச் சூட்டில் கவனத்தை வைத்தேன். நடைமேடை மறுபடி தெளிந்தது. பறப்பது, மதிலைத் துளைப்பது என்று உடனே வித்தை காட்டப் பாய்கிறவர்கள் பெரும்பாலும் விழித்துவிடுகிறார்கள். சும்மா நின்று பார்ப்பதுதான் கடினமும் சுவையும்.

அலாரம் வைத்து எழும் முறைக்கும் ஆய்வுகளின் ஆதரவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எழுந்தபின் மீண்டும் படுத்து நிம்மதியாக உறங்க நேரமிருப்பவர்களுக்கு உரிய முறை அது. ஏற்கெனவே தூக்கம் கெட்டவர்களும், நனவையும் கனவையும் பிரித்தறிவதில் சிக்கல் உள்ளவர்களும், மனச்சிதைவுக்குச் சிகிச்சை பெறுவோரும் மருத்துவரைக் கேட்காமல் இப்பயிற்சியைத் தொடவே வேண்டாம்.