கடன் முடிஞ்சிருச்சு, சரி. அப்புறம்?

ஞாயித்துக்கிழமை நம்ம முதலீட்டு மீட்டிங்ல நடந்தது உங்கள்ல பாதி பேருக்குத் தெரியும். நேச்சுரல் ரிசோர்ஸ் பார்ட்னர்ஸ்ங்கிற அமெரிக்கக் கம்பெனியப் பத்திப் பேசுனவரு, "கடன் அநேகமா முடிஞ்சிருச்சு, இனி கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்"னாரு. கடன் முடிஞ்சப்புறம் உள்ள வர்ற பணம் எவ்வளவுன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சில பேருக்கு எதுலயும் குறைதான் தெரியும்"னு அவரு பதில். எல்லாரும் சிரிச்சீங்க. இன்னும் மனசு ஆறல.

அந்தக் கம்பெனி மேல எனக்குக் கோவமே கிடையாது, மரியாதைதான். 2015ல கிட்டத்தட்ட 140 கோடி டாலர் கடன், யூனிட் (பங்கு மாதிரி) வெச்சிருக்கறவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்குற பணத்த, அதான் டிஸ்ட்ரிபியூஷனை, வெட்டுனாங்க, அடுத்த வருஷம் பத்து யூனிட்டை ஒண்ணாக்குனாங்க, அங்கேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா அடைச்சு 2024ல ப்ரிஃபர்டு யூனிட் (மத்தவங்களுக்கு முன்னாடி பணம் வாங்குற யூனிட்), வாரண்ட் (குறிச்ச விலைக்கு யூனிட் வாங்குற உரிமை) எல்லாத்தையும் தீர்த்தாங்க. சுமார் 1 கோடியே 30 லட்சம் ஏக்கர்ல கனிம உரிமை இருக்கு. தோண்டுறது வேற ஆளு, டீசல், கூலி, மெஷின் எல்லாம் அவன் செலவு, இவங்களுக்கு வித்த விலையில ஒரு பங்கு, அதுக்குப் பேருதான் ராயல்டி.

ஆனா அந்த விலை இவங்க கையில இல்லையே. ஸ்டீல் ஆலைக்குப் போற நிலக்கரி விலை இறங்குனா ராயல்டியும் கூடவே இறங்கும். கண்ணாடி செய்யப் பயன்படுற சோடா ஆஷ் தயாரிக்கிற ஒரு கம்பெனியில 49 சதவீதம் வெச்சிருக்காங்க, விலை விழுந்து 2025ல அங்கேர்ந்து வர்ற பணமும் நின்னுபோச்சு. கடன் போச்சு, வரவு அப்படியேவா இருக்கு? இதத்தான் கேட்டேன்.

கேட்டதுக்குக் காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி வேற ஒரு ராயல்டி கம்பெனி, பேரு வேணாம், கடனைக் கட்டி முடிச்சாச்சுன்னு அறிவிச்ச வாரமே வாங்குனேன். விலை அதுக்குள்ள ஏறியிருந்துச்சு. ஏழே மாசத்துல புது சொத்து வாங்குறோம்னு திரும்பக் கடன், அதோட புதுப் பங்கு வேற வெளியிட்டாங்க. பொண்ணு படிப்புக்கு வெச்சிருந்த பணம் அது. நஷ்டத்துக்கு வித்த அன்னைக்கு வீட்டுல சொல்ல வாயே வரல.

எல்லாக் கம்பெனியும் அப்படியான்னு கேப்பீங்க. இல்ல. ஆனா சுரங்கம் தீர்ந்துக்கிட்டேதான் இருக்கும், புதுசா வாங்கலேன்னா ராயல்டி தேயும். ராயல் கோல்டுன்னு இன்னொரு ராயல்டி கம்பெனி 2024ல கடனை அடைச்சது, 2025ல சாண்ட்ஸ்டார்ம்ங்கிற ராயல்டி கம்பெனியை வாங்குச்சு, ஜாம்பியாவுல உள்ள கன்சான்ஷி சுரங்கத்துத் தங்கத்துக்கு 100 கோடி டாலர் கொடுத்துச்சு, திரும்பக் கடன். நல்ல முடிவாவே இருக்கட்டும், நாம தெரிஞ்சு வாங்கணும்ல?

"கடன் இருந்தப்ப தைரியமா வாங்குனவன்தான் சம்பாதிச்சான்"னு மீட்டிங்ல ஒருத்தர் சொன்னாரு. அட, நானும் அதத்தானேங்க சொல்றேன்! கடன் குறையக் குறைய அந்த லாபம் அவன் கைக்குப் போயிருச்சு, இன்னைக்கு வாங்குறவனுக்கு இனிமே வர்ற வரவு மட்டும்தான்.

இன்னொண்ணு. நேச்சுரல் ரிசோர்ஸ் ஒரு எம்எல்பி, அதாவது பங்குச்சந்தையில வாங்கி விக்கிற பார்ட்னர்ஷிப், சாதாரணக் கம்பெனி இல்ல. அமெரிக்காவுக்கு வெளிய இருந்து வாங்குறவங்களுக்கு டிஸ்ட்ரிபியூஷன்ல 37 சதவீதம் வரி பிடிப்பாங்க, 2023லேர்ந்து விக்கும்போது வித்த தொகையிலயும் 10 சதவீதம். டிஸ்ட்ரிபியூஷன் மழையா கொட்டும்னவர் இதப் பத்தி மூச்சு விடல. மீட்டிங்ல என் பக்கத்துல ஒரு பையன், முதல் போனஸ் மொத்தமும் இதுலதான்னு சொல்லிக்கிட்டிருந்தான். அவன் முகத்தப் பாத்துதான் நான் வாயத் தொறந்தேன், பேரு வாங்குறதுக்கு இல்ல.

தம்பி, நீ இதப் படிச்சா ஒரு மெசேஜ் போடு. அவங்க கடைசி ரிப்போர்ட்ல கேஷ் ஃப்ளோ (பணம் வந்தது, போனது) பக்கத்த ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம். அப்புறமும் வாங்கணும்னு தோணுச்சுன்னா வாங்கு, நான் தடுக்க மாட்டேன்.