இருபத்தெட்டுன்னா எல்லாம் ஒண்ணா?

வண்ணாரப்பேட்டையில ஆரம்பிச்சு திருவொற்றியூர் வரைக்கும் பல சைக்கிள் கடையில இதே பாட்டுதான். பழைய ஹெர்குலஸ் சைக்கிளை உருட்டிட்டுப் போய் "அலாய் ரிம் போடணும், நல்ல பிரேக் மாட்டணும்"னு கேட்டா, வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காம "இருபத்தெட்டு இன்ச் சக்கரம்தானே, சேரும் சார்". எங்கய்யா சேரும்? பழைய 28 இன்ச் 1½ ரிம்முல டயர் உட்கார்ற விட்டம் 635 மி.மீ. இப்போ 28-னு விக்கிற 700சி ரிம்முக்கு 622. பழைய டயர் புது ரிம்முல தொளதொளன்னு ஆடும், புது டயர் பழைய ரிம்முல ஏறவே ஏறாது. 1949-ல இருந்து சைக்கிள் கம்பெனி இருக்கிற ஊரு இது. கடையில ஒரு அளவு டேப் வெச்சுக்க என்ன கேடு?

ரிம்மை மாத்தினா ராடு பிரேக்கும் போச்சு, அதை யாரும் சொல்றதில்ல. அது ரிம்மோட உள்பக்கத்தை மேல இழுத்துப் பிடிக்கிற பிரேக். அலாய் ரிம்முல அங்க பிரேக் கட்டை பதிய இடமே கிடையாது. ரிம்மோட ரெண்டு பக்கத்துலயும் பிடிக்கிற காலிப்பர் பிரேக்தான் வேணும். அதுலயும் 57 மி.மீ. எட்டுறதைத் தலையில கட்டுவாங்க. சக்கரத்தைப் பிடிக்கிற நம்ம ஃபோர்க்குல ரிம் ரொம்பக் கீழ இருக்கு, கட்டை டயரைத்தான் தேய்க்கும். பிரேக் போல்ட் ஓட்டையில இருந்து ரிம்மோட பக்கப்பட்டை வரைக்கும் அளந்து பாருங்க, பெரும்பாலும் 70-க்கு மேல எட்டுற லாங் ரீச்தான் தேவைப்படும். இவ்வளவு பாடு எதுக்குன்னு கேக்கறவங்க, மழையில நனைஞ்சு பிரேக் பிடிக்காத குரோம் ரிம்மோட எண்ணூர் ரோட்டுல ஒரு கண்டெய்னர் லாரிக்குப் பின்னாடி போய்ப் பாருங்க.

சக்கரத்து நடுவுல இருக்கிற பழைய ஹப்புல, போக்ஸ் மாட்ட முன்னாடி 32 ஓட்டை, பின்னாடி 40. கடையில தொங்குற ரிம் 36. "நாலு போக்ஸ் விட்டுக் கட்டிக்கலாம்"னு ஒருத்தர் சொன்னா அங்கேயே திரும்பிடுங்க. ஹப்பும் சேர்த்துதான் மாத்தணும். புது முன் ஹப்போட அச்சு 9 மி.மீ., அது உட்கார்ற பழைய ஃபோர்க் காடி 8. ரெண்டு பக்கமும் அரை மில்லி அரம் போட்டாப் போதும். புது ஹப்புக்காக ஃபோர்க்கை 100 மி.மீ.க்கு விரிக்கும்போது ரெண்டு காலும் சமமா விரியணும். கடப்பாரையை விட்டு ஒரு பக்கமா நெம்பினா சக்கரம் ஆயுசுக்கும் கோணலாத்தான் ஓடும்.

ரிம்மை மாத்த வேணாம், பழைய வால்வோட ரப்பர் வால்டியூப் தொல்லை போனாப் போதும்னா, மோட்டார் சைக்கிள் வால்வு வெச்ச 700×38 டியூப் பழைய டயருக்குள்ள தாராளமா உட்காரும். இதைக் கேட்டா மட்டும் "அளவு சேராது சார்".

பெடல் கிராங்கை அச்சோட பூட்டுற காட்டர் பின் கதை தனி. சுத்துக்கு ஒரு ‘டக்’ கேட்டா, சுத்தியால நாலு அடி, நட்டுல ஒரு முறுக்கு, பத்து ரூபாயை வாங்கிட்டு அனுப்பிடுவாங்க. ரெண்டே நாள்ல திரும்ப ‘டக்’. பின்னோட சப்பை முகம் நசுங்கியாச்சு, இனி முறுக்கி என்ன பிரயோஜனம்? நட்டு பின்னைப் பிடிச்சு வைக்கத்தான், உள்ள இழுக்க இல்ல, இழுத்தா மரைதான் போகும். பழசோட தடிமனை அளந்து புதுசு வாங்கி, முகம் முழுசும் அச்சுல பதியுற மாதிரி ராவி, கிராங்குக்குக் கீழ இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து ஏத்தணும். முட்டு இல்லாம அடிச்சா அத்தனை அடியும் உள்ள இருக்கிற பேரிங் பால்ஸ் மேல விழுந்து கப்புல குழி விழும்.

இந்த ஜோலியே வேணாம்னா பேரிங்கோட சேர்ந்தே வர்ற சதுர அச்சு கார்ட்ரிட்ஜும் அதுக்கான கிராங்கும் போடலாம். முதல்ல ஃப்ரேம்ல பெடல் அச்சு உட்கார்ற குழாய், அதான் ஷெல், அதோட அகலம் 68 மி.மீ.யா, மரை இன்ச்சுக்கு 24-ஆன்னு பார்க்கணும். அந்த மரையில வலது கப் எதிர்மரை, வலப்பக்கம் திருகினாத்தான் கழலும். தெரியாம இடப்பக்கம் பைப் போட்டு இழுத்து மரையை மொட்டையடிக்கிற மேதாவிகள் நிறைய.

காசிமேட்டு உப்புக்காத்துக்கு ஸ்டெயின்லெஸ் போக்ஸ்தான் நிக்கும். ஐப்பசி மழையில வியாசர்பாடி, புளியந்தோப்புத் தண்ணியில பெடல் அச்சு முங்கினா ஷெல்லுக்குள்ள தேங்குற தண்ணி வடியவே வடியாது. ஷெல் அடியில அஞ்சு மில்லி ஓட்டை ஒண்ணு போட்டா வடிஞ்சிடும். கேட்டா "ஃப்ரேம் வீக் ஆயிடும் சார்"னு பதில் வருது. கேரியர் நிக்கலைன்னு அதே ஃப்ரேம்ல வெல்டிங் வெச்சுப் பொசுக்கிறப்ப மட்டும் வீக் ஆகாதாக்கும்!