முருங்கைக்காய்க்கு விமானக் கட்டணம்

போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது பழைய மளிகைக் கணக்கு நோட்டு ஒன்று கையில் அகப்பட்டது. 2019ஆம் ஆண்டு நோட்டு. ஒரு பக்கத்தில் என் கையெழுத்தில் வரிசையாக எழுதியிருக்கிறது: முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கொத்தவரங்காய், பிஞ்சுக் கத்திரிக்காய், வாழைப்பூ, சேப்பங்கிழங்கு. ஒரு வாரத்துக் காய்கறி மட்டும் 43 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). மீன், பால், முட்டை எல்லாம் அடுத்த பக்கத்தில். கும்பகோணத்தில் என் அம்மா மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு போய் வாங்கிவரும் அதே பட்டியல்தான். அம்மாவின் பைக்குள் விழுந்தவை பக்கத்துக் கிராமத்திலிருந்து டெம்போவில் வந்தவை. என்னுடையவை விமானம் ஏறி வந்தவை.

குறைந்த செலவில் குடும்பத்துக்குச் சமைப்பது எப்படி என்று இங்கே யாரைக் கேட்டாலும் தள்ளுபடியில் வாங்கு, மொத்தமாக வாங்கு, எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போ என்கிறார்கள். மூன்றையும் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். சிங்கப்பூரில் நம்மவர் வீட்டு மளிகைச் செலவு ஏறுவதற்கு முக்கியக் காரணம் தள்ளுபடியைத் தவறவிடுவது அல்ல, ஊர் நினைப்பு என்பது என் கட்சி. வயிறு உட்லண்ட்ஸில் இருக்கிறது, நாக்கு காவிரிக் கரையிலேயே நிற்கிறது. இடையில் உள்ள தூரத்துக்கு நாம் கட்டணம் கட்டுகிறோம்.

இது எனக்கு ஞானமாக வரவில்லை, நெருக்கடியாகத்தான் வந்தது. 2023 ஜனவரியில் பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. அரிசிக்கும் பருப்புக்கும் விலக்கு கிடையாது. அதே மாதம் என் கணவருக்கு மேலதிக நேர வேலை நின்றது. அடுத்த ஜனவரியில் வரி 9 ஆனது, மேலதிக நேரம் மட்டும் திரும்பவில்லை. ஐந்து பேர் சாப்பிடும் வீடு. மாதம் 900 வெள்ளியைத் தொட்டுக்கொண்டிருந்த கணக்கை 600க்குள் அடைக்க வேண்டும்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலை 20ஆம் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்திய அரிசி. செய்தியைப் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் கடைக்கு ஓடி, ஐந்து கிலோ பொன்னிப் புழுங்கல் அரிசிப் பை ஆறு வாங்கி, தள்ளுவண்டியில் வைத்து மின்தூக்கியில் ஏற்றினேன். என் மாமியார், நான் அத்தை என்று அழைப்பேன், சோபாவில் உட்கார்ந்து தமிழ் முரசு படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கீழே இறக்கிப் பைகளைப் பார்த்தார். “தடை பச்சரிசிக்குத்தானே அம்மா போட்டிருக்கிறார்கள், நீ வாங்கி வந்திருப்பது புழுங்கல் அல்லவா?” என்றார்.

உண்மைதான். புழுங்கலுக்குத் தடையே இல்லை. ஒரு மாதம் கழித்து 20 விழுக்காடு ஏற்றுமதி வரி மட்டும் போட்டார்கள். இங்கே அரிசி இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியைப்போல் இரு மடங்கு கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அரசாங்கமே எனக்காகப் பதுக்கி வைத்திருக்கும்போது நான் ஏன் தனியாகப் பதுக்கினேன்? செப்டம்பர் கடைசியில் நான்காவது பையைப் பிரித்தேன். கறுப்பு வண்டுகள் குடும்பத்தோடு வெளியே வந்தன. இந்த ஊர்ப் புழுக்கத்தில் மொத்தமாக வாங்குவது வண்டுக்குச் சோறு போடுவதுதான்.

அந்த வண்டு அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டிப் புடைத்துக்கொண்டிருந்த மதியம்தான் அத்தையோடு முதல்முறையாகச் சமையலைப் பற்றி உருப்படியாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். திருமணமாகி வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து! அத்தை செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்குப் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. ஒரு சம்பளம், ஏழு பிள்ளைகள். 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறிய பிறகு அந்த ஒரு சம்பளமும் இல்லை. அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டேன். காங்கோங் கீரை, தவ்கே என்னும் முளைவிட்ட பயறு, தெம்பே என்னும் புளிக்கவைத்த சோயாபீன்ஸ் கட்டி, மரவள்ளிக் கிழங்கு, மரவள்ளிக் கொழுந்து, நெத்திலி, சார்டின் டின் குழம்பு. முருங்கைக்காயா? பக்கத்து வீட்டில் மரம் இருந்தது, காய்த்தால் உண்டு.

2009இல் நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அத்தை சமைத்ததும் இவற்றைத்தான். நான் மூக்கைச் சுளித்தேன். பிளாச்சான் என்னும் இறால் விழுதின் வாடை எனக்கு ஆகவில்லை. “இது நம் சாப்பாடே இல்லையே” என்று கணவரிடம் சொன்னது அத்தையின் காதிலும் விழுந்திருக்கும். மெல்ல மெல்ல அடுப்படி என் கைக்கு வந்தது. காங்கோங் போய்க் கொத்தவரங்காய் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது விலையைப் பாருங்கள். என் பக்கத்துச் சந்தையில் காங்கோங் ஒரு பெரிய கட்டு ஒரு வெள்ளிக்குச் சற்று மேல். தவ்கே ஒரு பை ஒரு வெள்ளிக்குள். தெம்பே துண்டும் அப்படித்தான். மூன்றும் சேர்ந்தால் ஐந்து பேருக்கு ஒரு வேளைக் கறி, அதிலேயே புரதமும் வந்துவிடுகிறது. அதே காசுக்கு முருங்கைக்காய் வாங்கினால் சாம்பாரில் ஆளுக்கு இரண்டு துண்டு கிடைக்கும். துழாவித் தேட வேண்டும்.

அத்தை தெம்பே பொரிப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாழையிலையைப் பிரித்ததும் வெள்ளைப் பூஞ்சை மூடிய சோயாபீன்ஸ் கட்டி, லேசாகக் காளான் வாசம். தீக்குச்சிக் கனத்துக்கு நறுக்கி, மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் ஒரு தடவை முக்கி எடுத்துவிட்டுத்தான் எண்ணெயில் போடுவார். சடசடவென்று வெடித்து அடங்கியதும் அதை வடித்துவிட்டு, அதே எண்ணெயில் ஒரு கரண்டியளவு வைத்துக்கொண்டு வெங்காயம், அரைத்த காய்ந்த மிளகாய், நெத்திலி, கடைசியில் கொஞ்சம் புளிக்கரைசல். இங்கேதான் அத்தையின் கை தெரியும்: ஒரு கொத்துக் கறிவேப்பிலை. மலாய்க்காரர் யாரும் அதில் கறிவேப்பிலை போட்டு நான் பார்த்ததில்லை. ஆக இது யாருடைய சாப்பாடு? என் இளைய மகனைக் கேட்டால் “பாட்டி சாப்பாடு” என்பான். இரண்டு தட்டுச் சோறு இறங்கும்.

மீனிலும் இதே கதைதான். வஞ்சிரம்தான் மீன் என்று இருந்தவள் நான். அத்தை என்னைக் காலை பத்தரை மணிக்கு மேல், கடைக்காரர்கள் தட்டுகளைக் கழுவத் தொடங்கும் நேரத்தில், ஈரச்சந்தைக்குக் கூட்டிப் போனார். சீன மூதாட்டி ஒருவர் கடையில் செலார் மீன் ஒரு குவியல் மிச்சம். அத்தை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “போலே குராங்?”, குறைக்க முடியுமா என்று மலாயில் கேட்டார். மூதாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எட்டு வெள்ளிக் குவியலை ஐந்துக்குத் தந்தார். இரண்டு மீன் கூடுதலாகவும் போட்டார். முப்பது வருடமாக இந்த முகத்தைத் தூக்கும் நாடகம் நடக்கிறதாம். பேரங்காடியின் குளிர்பெட்டி முன்னால் நின்று யாரிடம் போலே குராங் கேட்பது?

கோழியில் மட்டும் எனக்கு அரசியல் பாடம் கற்பித்தவர் அத்தை இல்லை, மலேசியா. 2022 ஜூன் 1 முதல் அவர்கள் கோழி ஏற்றுமதியை நிறுத்தினார்கள். இங்கே சாப்பிட்ட கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் உறைந்த கோழிக்கு மாறினோம். அக்டோபரில் உயிர்க்கோழி திரும்பி வந்தது, நாங்கள் திரும்பவில்லை. மசாலாவில் ஊறி வெந்த பிறகு வித்தியாசம் சொல்கிறவர்கள் என் வீட்டில் இல்லை.

ஊர்ச் சாப்பாட்டில் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு: இட்லி. காரணம் பாசம் அல்ல, கணக்கு. 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து, மூன்று வெள்ளிக்குள் முடிகிறது; நாற்பது இட்லிக்குக் குறையாது. கடையில் அதே அளவு மாவு வாங்கினால் இரண்டு மடங்கு. இந்த வெயிலுக்கு இரவில் கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கி நிற்கும். மூன்றாம் நாள் புளித்தால் வெங்காயம் தூவி ஊத்தப்பம்.

ஜொகூர் பாரு? போய்ப் பாருங்கள். இரண்டு நாளுக்குள் திரும்புகிறவர் 100 வெள்ளிக்கு மேல் வாங்கி வந்தால் மிஞ்சிய தொகைக்குப் பொருள் சேவை வரி கட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தில் நின்ற மூன்று மணி நேரத்துக்கு யார் விலை போடுவது? நாங்கள் சோப்புத்தூள் வாங்கப் போய்ப் பிள்ளைகளுக்குப் பீட்சா வாங்கிக் கொடுத்துத் திரும்பிய குடும்பம்.

அரசாங்கம் வீடுதோறும் தரும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2025 மே மாதம் வீட்டுக்கு 500 வெள்ளி வந்தது. பாதி பேரங்காடிக்கு, பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். இரண்டாவது பாதியைப் பலர் ஒரே வாரத்தில் சாப்பிட்டே தீர்த்துவிடுகிறார்கள். அது ஈரச்சந்தையில் பங்கேற்கும் கடைகளிலும் செல்லும். என் மீன் செலவு இரண்டு மாதம் அதில்தான் ஓடியது.

இதையெல்லாம் படித்துவிட்டு, “அத்தை மாதிரி ஒருவர் வீட்டில் இருந்தால் நாங்களும் செய்வோம்” என்று சிலர் எழுதப்போகிறீர்கள். நியாயம்தான். தவ்கேயின் வாலைக் கிள்ளுவதற்கே அரை மணி நேரம் ஆகிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் அதை யார் செய்வது? எங்கள் வீட்டில் அத்தை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கிள்ளுகிறார். அந்த உழைப்பு என் நோட்டில் எந்த வரியிலும் இல்லை. 600 வெள்ளி என்று நான் பெருமையாகச் சொல்லும் கணக்கில் அவருடைய மதியங்கள் இலவசமாகச் சேர்ந்திருக்கின்றன. போன மாதத்திலிருந்து வாலைக் கிள்ளாமலேயே சமைக்கிறேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைகள் கவனிக்கவே இல்லை.

முருங்கைக்காயை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தைக்குப் போய் மூன்று காய் வாங்கி வருவேன். நல்லெண்ணெய்க்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. இங்கே கிடைக்கும் சீன எள்ளெண்ணெயை இட்லிப் பொடியில் ஊற்றிப் பார்த்தேன். வறுத்த எள்ளின் வாசம், ஐந்து பேரும் தட்டை ஒதுக்கிவிட்டார்கள். யாருக்காவது மலிவாக நல்ல செக்கெண்ணெய் கிடைக்கும் கடை தெரிந்தால் கீழே எழுதுங்கள்.