பசி எல்லாருக்கும்தான், திட்டு மட்டும் சர்வருக்கா?

விடுமுறை நாள் ராத்திரி 8 மணிக்கு, பத்துப் பேராக, முன்பதிவு எதுவும் செய்யாமல் ஓட்டல் வாசலில் போய் நின்றுகொண்டு "என்னப்பா இது, இவ்வளவு நேரமா?" என்று சத்தம் போடுகிற ஒரு ஆள் எல்லார் குடும்பத்திலும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கிறார்கள். யாரென்று எழுத மாட்டேன், இந்தப் பதிவை அவர்களும் படிப்பார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகள் பசியில் அழுவதைப் பற்றி நான் பேசவில்லை. சர்க்கரை நோயாளிகளைப் பற்றியும் பேசவில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும், அது ஆபத்து. அப்படி ஒருவர் கூட வந்தால் பையில் எதையாவது எடுத்துப் போக வேண்டும், உட்கார்ந்ததும் சீக்கிரம் வருகிற ஒன்றை அவருக்கு மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், மதியம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்து, உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் ஸ்பூனால் மேசையைத் தட்ட ஆரம்பிக்கிற பெரிய மனிதர்களை.

இவர்களுடைய கடிகாரம் வாசலில் கால் வைத்ததிலிருந்து ஓட ஆரம்பிக்கும். மெனு கார்டை எல்லாரும் மாற்றி மாற்றிப் பார்த்த நேரம், அத்தைக்கு என்ன வேண்டும் என்று அத்தையைத் தவிர எல்லாரும் விவாதித்த நேரம், சர்வர் எழுதிக்கொண்டு நாலு எட்டு வைத்த பிறகு "தம்பி, இங்க வா, அதை மாத்திடு" என்று திரும்பக் கூப்பிட்ட நேரம், எல்லாம் அந்த ஓட்டலின் கணக்கில்தான் எழுதப்படும். அப்புறம் பார்வை பக்கத்து மேசைக்குப் போகும். "அவங்க நமக்கு அப்புறம்தானே வந்தாங்க? அவங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

வந்தது இரண்டு பேர், கேட்டது இரண்டு ஐட்டம், வந்துவிட்டது. நாம் பத்துப் பேர், ஆளுக்கு ஒன்று, அதிலும் ஒருவருக்குக் காரம் கூடாது, ஒருவருக்கு எண்ணெய் கூடாது. ஒரு மேசைக்கு உரியதை முடிந்தவரை ஒன்றாகத்தான் அனுப்பப் பார்ப்பார்கள். அப்படியென்றால் பத்தில் எது கடைசியாக வேகிறதோ அதுதான் மற்ற ஒன்பதின் நேரத்தையும் முடிவு செய்கிறது. சரி, தனித்தனியாகக் கொண்டுவந்து வைத்தால் விடுவார்களா? "எனக்கு எங்கே?" என்று அதற்கும் ஒரு சத்தம்.

இன்னொரு புகார், "மேசை காலியாத்தானே கிடக்கு, ஏன் உட்கார விட மாட்டேங்கிறான்?" காலி மேசைகளில் எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்தால் எல்லா ஆர்டரும் ஒரே நேரத்தில் கிச்சனுக்குப் போய் விழும். அடுப்பும் ஆளும் அதே எண்ணிக்கைதான். அதனால் கொஞ்சம் இடைவெளி விட்டு உட்கார வைக்கிறார்கள். சில நாள் பரிமாற ஆள் வந்திருக்க மாட்டார்கள். சில நேரம் அந்தக் காலி மேசை நாலு பேர் உட்காருவது, நாம் ஒரு ஊர்வலம்.

"போன தடவை பத்து நிமிஷத்துல வந்துச்சே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. டென்மார்க்கில் எர்லாங் என்பவர் 1909-இல் தொலைபேசி அழைப்புகளுக்காக ஆரம்பித்து வைத்தது, பிறகு எல்லா வரிசைகளுக்கும் பொருந்துகிற ஒரு துறையாகவே வளர்ந்துவிட்டது. ஒரே ஆள் வேலை பார்க்கிற எளிய மாதிரியை எடுத்துக்கொண்டால், அவர் பாதி நேரம் மட்டும் வேலையில் இருக்கும்போது, ஒரு வேலை வந்ததிலிருந்து முடியும் வரை, வரிசையில் காத்திருப்பதையும் சேர்த்து, சராசரியாக அதற்கு உண்மையில் தேவைப்படும் நேரத்தைப் போல் 2 மடங்கு ஆகும். 90 சதவீத நேரம் வேலையில் இருந்தால் 10 மடங்கு. கூட்டம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, காத்திருப்பு எங்கேயோ போய்விட்டது. ஓட்டல் கிச்சன் இந்த மாதிரிக்கு அச்சு அசலாகப் பொருந்தாதுதான், ஆனால் போக்கு இதேதான்.

ஓட்டல்காரர்களும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. "அஞ்சு நிமிஷம் சார்" என்று மூன்று முறை சொல்வதைவிட "அரை மணி நேரம் ஆகும்" என்று ஒரே முறை சொல்லிவிடலாம். டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர் 1985-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பது தெரிந்து காத்திருப்பதைவிட நீளமாகத் தெரியும், சும்மா உட்கார்ந்திருப்பது இன்னும் நீளமாகத் தெரியும், யாரோ நம்மை முந்திவிட்டார்கள் என்று தோன்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். பக்கத்து மேசையை மாமா முறைப்பதற்குக் காரணம் இதுதான். அதனால் மாமாவுக்கு எரிச்சல் வருவது எனக்குப் புரிகிறது. அந்த எரிச்சல் யார் மேல் இறங்குகிறது என்பதில்தான் எனக்குப் பிரச்சினை.

ஏனென்றால் இதே மாமா டாக்டரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அரசு அலுவலகத்தில் "நாளைக்கு வாங்க" என்றால் சரிங்க சார் என்று கும்பிடு போட்டுவிட்டு வருவார். ஆக, பொறுமை அவரிடம் இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. எதிரில் நிற்பவர் பதிலுக்குப் பேச முடியாதவர் என்று தெரிந்த இடத்தில் மட்டும் அது காணாமல் போய்விடுகிறது. சர்வர் சமைக்கவில்லை, தாமதத்தை அவர் முடிவு செய்யவும் இல்லை. நம் சத்தத்துக்குப் பயந்து அவர் கிச்சன் வாசலில் போய் நின்று கேட்டுவிட்டு வந்தால், அந்த நேரத்தில் மற்ற மூன்று மேசைகளில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அந்தச் சத்தத்தில் அடுப்பு ஒன்றும் வேகமாக எரிந்துவிடாது.

மாமாவைவிட எனக்கு அதிகம் கோபம் வருவது கூட உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் மேல்தான். "அவர் குணம் அப்படி, விடு" என்பார்கள். அவர் கத்தி முடித்ததும், அவருக்குத் தெரியாமல் சர்வரைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள், தப்பா எடுத்துக்காதீங்க என்கிற மாதிரி. அந்தச் சிரிப்பால் அந்தப் பையனுக்கு என்ன பிரயோஜனம்? ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களும் இவர்கள்தான்.

நான் இப்போது அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். "மாமா, அவர்கிட்ட கத்தாதீங்க, நான் போய் மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்." சத்தம் போடாமல், ஆனால் மேசையில் இருக்கிற எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. கடைசியாக இப்படிச் சொன்னபோது மாமா என்னிடம் வீடு வரைக்கும் பேசவில்லை. சாப்பாட்டில் ஒன்றும் குறை வைக்கவில்லை. கை கழுவுகிற இடத்தில் அத்தை மட்டும் என் கையைப் பிடித்து "நல்ல வேளை நீயாவது சொன்னே" என்றார். அத்தை, இதை நீங்கள் மேசையில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

அடுத்து ஒரு பிறந்தநாள் விருந்து வருகிறது. மாலை 6.30-க்கே போய்விடலாம், முன்பே சொல்லி வைக்கிறேன், எல்லாருடைய ஆர்டரையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு ஒரே ஆள் சொல்லலாம் என்று குடும்பக் குழுவில் போட்டேன். "6.30-க்கு யாராவது ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவாங்களா?" என்று உடனே வந்துவிட்டது. யார் போட்டது என்று சொல்லத் தேவையில்லை. பசி வராதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம், பார்சல் வாங்கி வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். நீலக் குறி வந்துவிட்டது, பதிலைத்தான் இன்னும் காணோம்.