தேரைக்கு மூன்று மணி நேரத்தில் விந்தணு உருவாகுமா?

"அந்தக் காலத்தில் கர்ப்பிணியின் சிறுநீரை ஆண் தேரைக்கு ஊசி போடுவார்கள், மூன்றே மணி நேரத்தில் விந்தணு உருவாகிவிடும், பிறகு தேரையை அறுத்துப் பார்ப்பார்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. கர்ப்பத்தைக் கண்டறியும் இந்தச் சோதனை நிஜம்தான். 1947-இல் அர்ஜென்டினா மருத்துவர் கார்லோஸ் காலி மைனினி அறிவித்தது. விந்தணு உருவாவது, அறுத்துப் பார்ப்பது என்ற மற்ற இரண்டும் தவறு.

விந்தணு உருவாக வாரக்கணக்கில் ஆகும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் எஃப்.எஸ்.எச். ஹார்மோன், விந்தணுவாக மாறும் மூல செல்களைப் பெருகச் செய்கிறது. அவை குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு முடித்து, வாலும் முளைத்து, விந்தகத்தில் அவற்றைத் தாங்கி வளர்க்கும் செர்டோலி செல்களில் தலையைப் புதைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாகக் காத்திருக்கும். அந்தப் பிடியைத் தளர்த்துவது பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்.எச். கர்ப்பிணியின் சிறுநீரிலுள்ள எச்.சி.ஜி. என்ற கர்ப்ப கால ஹார்மோன் கிட்டத்தட்ட எல்.எச். போலவே வேலை செய்வதால், தயாராக இருந்த விந்தணுக்கள் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். அதாவது, கடையில் ஏற்கெனவே இருந்த சரக்குதான். புதிதாக ஏதும் செய்யப்படவில்லை.

அப்புறம், அறுக்கும் கதை. அது எலி, முயல் சோதனைகளில் நடந்தது. இங்கே தேரையின் கழிவாயிலிருந்து ஒரு சொட்டுத் திரவம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். விந்தணு நெளிந்தால் கர்ப்பம். தேரைக்குச் சில நாள் ஓய்வு கொடுத்து மறுபடியும் பயன்படுத்துவார்கள்.